கொங்கு நாட்டுக் கனிமத் தொழில்

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்கள் அடங்கிய கொங்குப் பகுதியில் கனிமங்களைத் தோண்டுதல், உருக்குதல், விற்றல் ஆகியவற்றின் வரலாறு இக்கட்டுரையின் பொருள். கஞ்சமலையிலும் கொல்லிமலையை ஒட்டிய குன்றுகளிலும் காந்த இரும்புத் தாது உண்டு. சேலம் நகரை அடுத்து வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட், மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சுண்ணாம்புக்கல், சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் பாக்சைட், காங்கயத்தை அடுத்த படியூரில் பெரில் மணிக்கல், சித்தம்பூண்டியில் குருந்தக்கல் கிடைக்கின்றன. பட்டியல் நீளமானதுதான். ஆனால் இப்பகுதியில் தாது இல்லாமல் நின்றுபோன தொழில் என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். உருக்குவதற்கான எரிபொருளின் விலையும், தூக்கிச் செல்வதற்கான கூலியும், சரக்கின் எடைக்கு ஏற்ற மதிப்பும்தான் ஒவ்வொரு காலத்திலும் எந்தச் சுரங்கம் நடக்கும், எது மூடும் என்பதைத் தீர்மானித்திருக்கின்றன.

பழங்காலத்துக்கான முதன்மைச் சான்று நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல். தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சார்பில் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் 1985 முதல் இங்கு அகழாய்வு செய்தனர். இரும்பு உலைகள், கசடுகள், உருக்குத் தயாரிப்பைச் சுட்டும் மூசை எனப்படும் உருக்குக் கலத்தின் துண்டுகள், பல நிலைகளில் விடப்பட்ட பெரில், நீலம், பளிங்கு, சூதுபவள மணிகள் ஆகியவை வெளிப்பட்டன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இவ்வூரே என்பது பெரும்பாலோர் கருத்து. குடியிருப்பின் தொடக்கக் காலத்தை எவ்வளவு முன்னே கொண்டுபோகலாம் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை. தாலமி குறிப்பிடும் பெரில் விளையும் ஊரான புன்னாட்டாவைச் சிலர் படியூரோடு பொருத்துவர். கபினி ஆற்றுப் பகுதிப் புன்னாடு என்போரும் உண்டு. கோவை வட்டாரத்தில் ரோமானிய நாணயப் புதையல்கள் மிகுதியாகக் கிடைப்பதற்குப் பெரில் வணிகமே காரணம் என்பது கவர்ச்சியான விளக்கம். ஆயினும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சென்ற பெருவழியே அதற்குப் போதுமான காரணமாக இருக்கக்கூடும். எதுவாயினும், கொடுமணலில் செய்யப்பட்ட இரண்டு பொருள்களும், அதாவது மணியும் உருக்குக் கட்டியும், சிறிய மூட்டையில் பெரிய மதிப்பைச் சுமப்பவை. அவற்றுக்கு ஏற்றுக்கூலி ஒரு பொருட்டில்லை. காடு கைக்கெட்டும் தொலைவில் இருந்ததால் கரியும் மலிவு.

இடைக்காலத்தைப் பற்றிக் கொல்லர் குடிகளைக் குறிக்கும் கல்வெட்டுகளுக்கு அப்பால் அதிகம் சொல்வதற்கில்லை. 1800-இல் மைசூரிலிருந்து மலபார் வரை பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், கோவைப் பகுதியில் ஓடை மணலிலிருந்து கருந்தாதுவை அலசி எடுத்துச் சிறு மண் உலைகளில் ஆட்டுத்தோல் துருத்தி வைத்து உருக்குவதை விவரமாக எழுதியுள்ளார். இந்த உலையை விறகுள்ள இடத்துக்குக் கொண்டுபோய்க் கட்டலாம். காடு விலகினால் உலையும் கூடவே விலகும். பின்னால் வந்த பெரிய ஆலைகளுக்கு இல்லாமற் போன வசதி இதுதான்.

ஆவணங்கள் செறிந்து கிடைப்பது ஜோசையா மார்ஷல் ஹீத்தின் காலத்துக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் சேர்ந்த இவர் சேலம், கோவைப் பகுதிகளில் வணிக அதிகாரியாக இருந்தார். போர்பன் பருத்தியைக் கோவையில் பரப்பியதிலும் இவருக்குப் பங்குண்டு. 1819-20இல் படியூர்ச் சுரங்கத்தை நடத்தியவராகப் பழைய குறிப்புகளில் வரும் ஹீத்தும் இவரே என்பர். அந்த இரண்டு ஆண்டுகளில் 38 பவுண்டு எடையுள்ள 2,196 கற்கள் கிடைத்ததாகவும், அவற்றின் மதிப்பு 1,201 ஸ்டெர்லிங் பவுண்டு என்றும் ஒரு கணக்கு உள்ளது. அக்கணக்கு சரியானால் ஒரு பவுண்டு எடைக் கல்லுக்கு 31 பவுண்டுக்கு மேல் விலை. அதே நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு டன் கச்சா இரும்பே ஒற்றை இலக்கப் பவுண்டுகளுக்குத்தான் விற்றது. அடுத்து ஹீத் கையில் எடுத்தது இந்த இரண்டாவது சரக்கை.

1825 வாக்கில் அரசிடம் தனியுரிமை பெற்று, 1830-இல் தென்னார்க்காட்டுக் கடற்கரையிலுள்ள பரங்கிப்பேட்டையில் ஊதுலை ஆலையை நிறுவினார். பின்னர் மலபாரில் பேப்பூரிலும், சேலம் மாவட்டத்தில் காவிரிக் கரையிலுள்ள பூலாம்பட்டியிலும் ஆலைகள் எழுந்தன. தாது சேலத்து மலைகளிலிருந்து வந்தது. சேலத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நேர்க்கோட்டிலேயே சுமார் 175 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவுக்கும் தாதுவைப் பரிசல்களில் ஏற்றி, கொள்ளிடம் வழியாகவும் கான்சாகிப் கால்வாய் வழியாகவும் மிதக்கவிட்டுக் கொண்டுவந்ததாக மாவட்ட விவரச் சுவடிகள் கூறுகின்றன. மூங்கில் பின்னித் தோல் போர்த்திய வட்டப் பரிசலில் காந்தத் தாது மலையிறங்கிக் கடலோரம் போன இச்செய்தி வணிகக் கணக்கில் ஒரு வரிக்கு மேல் பெறாது. ஆனாலும் இவ்வரலாற்றில் விட்டுவிட மனம் வராத வரி அது. நீரோட்டம் உள்ள மாதங்களில் இந்த வழி மலிவாகவே இருந்திருக்கும். மற்ற மாதங்களில் மாட்டுவண்டி.

கிடைத்த இரும்பு தரத்தில் குறைந்ததல்ல. ஷெஃபீல்டில் உருக்குச் செய்வோர் அதை வாங்கினர். வேல்சிலுள்ள பிரிட்டானியா குழாய்ப் பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பு பயன்பட்டதாகத் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. எவ்வளவு, எந்தப் பகுதியில் என்று காட்டும் ஆவணத்தை அப்படி எழுதுவோர் சுட்டுவதில்லை. ஹீத் 1839-இல் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் இந்திய இரும்பும் உருக்கும் பற்றி எழுதிய கட்டுரையில், எகிப்தியர் கல்தூண்களைச் செதுக்கியது இந்திய உருக்குக் கருவிகளால்தான் என்று வாதிட்டார். அதை இன்று ஏற்போர் அரிது. சேலத்துக் கொல்லர்கள் இலையும் மரத்துண்டும் சேர்த்து மூடிய மூசையில் உருக்கு வடிப்பதை உற்றுப் பார்த்த மனிதர் என்பதற்கு மட்டும் அக்கட்டுரை நல்ல சான்று. அதே ஆண்டில், மூசை உருக்கில் மாங்கனீசுக் கார்பைடைச் சிறிதளவு சேர்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதனால் உயர்ந்த விலைச் சுவீடன் இரும்பை மட்டுமே நம்பியிருந்த ஷெஃபீல்டு உருக்கின் விலை வெகுவாக இறங்கியது. பயன் ஹீத்துக்குப் போகவில்லை. அவருடைய முகவராக இருந்த அன்வின், கார்பைடைத் தனியே செய்யாமல் மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் மூசைக்குள்ளேயே போட்டால் காப்புரிமை மீறலாகாது என்று வாதாடினார். வழக்கு நீண்டது. 1851-இல் ஹீத் இறந்தார். 1855-இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்பளித்தது. ஹீத்தின் நிறுவனம் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற பெயரில் தொடர்ந்து, 1860களில் ஆலைகளை மூடியது. அதற்கு முன் பேப்பூரில் பெசமரின் எஃகு தயாரிப்பு முறையைச் சோதித்ததாகவும் குறிப்பு உண்டு.

இத்தோல்விக்கு முதலீட்டுக் குறைவு, நிர்வாகக் கோளாறு, ஆங்கிலேய இரும்பின் போட்டி, ஹீத் ஊரில் இல்லாமை என்று பல காரணங்கள் சொல்வர். ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது மரக்கரிக் கணக்கு. ஊதுலையை நினைத்த நேரத்தில் அணைத்து ஏற்ற முடியாது. இரவும் பகலும் கரி கேட்கும். அருகிலுள்ள காடு வெட்டப்பட்டதும் கரிவண்டி இன்னும் தொலைவு போக வேண்டும். ஆண்டு கூடக்கூட ஒரு டன்னுக்கான அடக்கவிலை ஏறும். அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் அருகருகே கிடைத்ததால் அங்கு அடக்கவிலை இறங்கிக்கொண்டிருந்தது. போட்டியே காரணம் என்போர் சொல்வதும் இறுதியில் இந்த எரிபொருள் வேறுபாட்டைத்தான். அரசு அக்கறை காட்டவில்லை என்ற குற்றச்சாட்டுக்கும் வலு குறைவு. முன்பணமும், பல மாவட்டங்களில் விறகு வெட்டும் உரிமையும் கொடுத்த அரசு அது. காட்டை வளர்த்துக் கொடுக்க மட்டும் அதனால் முடியவில்லை. ஹீத்தின் சொத்துகளில் கடைசிவரை விலை மதிப்புள்ளதாக இருந்தது மாங்கனீசு பற்றிய அறிவு. அதைத்தான் ஷெஃபீல்டு எடுத்துக்கொண்டது. தாது கஞ்சமலையிலேயே கிடந்தது.

கிங்கும் ஃபூட்டும் 1864-இல் வெளியிட்ட நிலவியல் ஆய்வு சேலத்து இரும்புப் படுகைகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தது. 1892-இல் டி. எச். ஹாலந்து அவற்றைத் தனியே ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். கிடங்கு நிறையத் தாது உள்ளது என்பதில் ஐயம் இருக்கவில்லை. உருக்கும் வழிதான் தெரியவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். சேலம் வெள்ளைக்கல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல பத்தாண்டுகள் தொழிலாக நடந்ததே, அது தாதுவின் வெற்றியல்லவா? கல்லின் தூய்மை அதற்கு உதவியது உண்மை. ஆனால் வெட்டியெடுத்த கல்லாக அது பெரும்பணம் பார்க்கவில்லை. சூளையில் சுட்டு, எடை குறைத்து, எஃகு உலைகளின் உள்பூச்சுக்கான வெப்பந்தாங்கும் பொருளாக மாற்றியபோதுதான் தொலைதூர ரயில் கட்டணத்தைத் தாங்கும் விலை கிடைத்தது. மதுக்கரைச் சுண்ணாம்புக்கல் இதற்கு நேர் எதிரானது. விலை மலிந்த, கனத்த சரக்கு, வெகுதூரம் போகாது. 1934-இல் அங்கு சிமெண்ட் ஆலை எழுந்ததற்கு வாங்குவோர் பக்கத்திலேயே இருந்ததும், 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கிக் கோவைக்கு வந்ததும் பெரிதும் துணை.

பைக்காராவை இவ்வரலாற்றின் நடுப்புள்ளி எனலாம். கரியில்லாத நாட்டுக்கு நீலகிரியிலிருந்து எரிபொருளுக்கு மாற்று கிடைத்தது. பஞ்சாலைகள் பெருகின, ஆலைக்கு உதிரிப் பாகம், கிணற்றுக்குப் பம்பு, பம்புக்கு மோட்டார் என்று தேவை கிளைத்தது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்தனர். 1926-இல் தொடங்கிய பி. எஸ். ஜி. அறநிலையத்தின் தொழிற்பள்ளி கைவேலை தெரிந்தவர்களை உருவாக்கிக் கொடுத்தது. பீளமேடு, கணபதிப் பக்கம் எழுந்த பவுண்டரிகள் கச்சா இரும்பையும் பழைய இரும்பையும் கற்கரியையும் வெளியூர்களிலிருந்து தருவித்தே வார்த்தன. இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலை அதே கொங்குப் பகுதியில் இருக்க, அந்தத் தாதுவில் ஒரு கூடைகூட வேண்டாமல் வளர்ந்த வார்ப்புத் தொழில் இது. 1955-இல் பி. சபாபதி உருவாக்கியதாகக் கூறப்படும் மாவரைக்கும் கிரைண்டரில் மட்டும் உள்ளூர்க் கல், உள்ளூர் மோட்டார், உள்ளூர்க் கைவேலை மூன்றும் ஒன்றுசேர்ந்தன. கருங்கல்லை ஜல்லியாக விற்றால் வரும் விலைக்கும், கிரைண்டர் கல்லாகக் கொத்தி விற்றால் வரும் விலைக்கும் உள்ள இடைவெளியே அதன் லாபம். புவிசார் குறியீடு பெற்ற பொருள்களில் கோவை கிரைண்டரும் ஒன்று.

விடுதலைக்குப் பின் சேலத்துத் தாதுவை நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியால் உருக்கும் யோசனை ஜாம்ஷெட்பூர்த் தேசிய உலோகவியல் ஆய்வகத்தில் சோதனை வரை போனது. 1970-இல் இந்திரா காந்தி சேலம் உருக்காலைக்கு அடிக்கல் நாட்டினார். 1980களின் தொடக்கத்தில் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைக் குளிர்முறையில் உருட்டும் ஆலையாக அமைந்தது. உருட்டுவதற்கான எஃகு வெளியிலிருந்து வந்தது. ஆலை நிற்பது கஞ்சமலை அடிவாரத்தில். அரசியல் புறக்கணிப்பு என்று இதை விளக்குவோர் உள்ளனர். தாதுவின் இரும்பளவு 35 விழுக்காட்டை ஒட்டியது என்பதையும், அதை அரைத்துச் செறிவூட்டிப் பின் உருக்க வேண்டும் என்பதையும் வைத்துப் பார்த்தால், எந்த அரசு வந்திருந்தாலும் கணக்கு ஒன்றே என்பதே பொருந்தும். மேட்டூரில் 1965-இல் உற்பத்தி தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனிக்கும் பாக்சைட் எட்டும் தொலைவில்தான் இருந்தது. அலுமினியத்துக்கு மின்சாரமே பெருஞ்செலவு. அணை மின்சாரத்தை நம்பித் தொடங்கிய ஆலை பிற்காலத்தில் சொந்த மின்நிலையம் கட்ட வேண்டியதாயிற்று. 2008-இல், சுற்றுச்சூழல் அனுமதிச் சிக்கலில் அதற்குப் பாக்சைட் தந்த கொல்லிமலைச் சுரங்கமும் நின்றது.

கஞ்சமலை, திருவண்ணாமலைத் தாதுக்களை எடுக்கும் கூட்டுத் திட்டம் 2005-க்குப் பின் பேசப்பட்டு, மக்கள் எதிர்ப்பால் நிறைவேறவில்லை. கோவைத் தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் எடுத்துவந்த செங்கல் சூளைகள் 2021-இல் மூடப்பட்டன. கல்குவாரிகள் பற்றிய வழக்குகள் தொடர்கின்றன.