அழலும் அழற்சியும்

சிறுபாணாற்றுப்படை கூறும் ஓய்மாநாட்டு எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் ஆய்வாளர் பலர். திண்டிவனத்தினின்று புதுவை செல்லும் பெருவழியில் உள்ள கிளியனூர்க்கு வடகிழக்கே, கழியோரமாக அம்மரக்காணத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. நெய்தல் நிலத்து உப்பை உமணர் வண்டியேற்றிச் சென்று நெல்லுக்கு நேராக மாற்றிய செய்தி சங்க நூல்களில் உண்டு. இந்நிலத்தை மனத்திற் கொண்டு, இக்கால மருத்துவர் பெரிதும் பேசும் 'நாட்பட்ட அழற்சி' என்னும் கருத்தின் வரலாற்றை ஈண்டு ஆராய்வோம்.

அழற்சி என்னும் சொல் 'அழல்' என்பதன் அடியாகப் பிறந்தது. வளி, அழல், ஐயம் என்னும் மூன்றும் மிகினும் குறையினும் நோயாம் என்பது சித்த மருத்துவக் கொள்கை. திருக்குறளின் மருந்து அதிகாரமும் அதனையே தழுவியது. இதுகொண்டு, இன்றைய அழற்சியை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று எழுதுவாரும் உளர். அது பொருந்தாது. அழல் உடலின் இயல்பான ஆற்றல்களுள் ஒன்று. அழற்சியோ காயத்துக்கும் கிருமிக்கும் எதிராக உடல் நிகழ்த்தும் எதிர்வினை. சொல்லுறவு பொருளுறவு ஆகிவிடாது.

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய அறிஞர் செல்சசு சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி என அழற்சிக்கு நான்கு அறிகுறிகள் வகுத்தார். இவை கண்ணுக்குப் புலனாவன. புலனாகாது ஆண்டுக்கணக்கிற் கனன்று கிடக்கும் அழற்சியை அறியும் வழி மிகப் பிற்பட்டே தோன்றியது. 1930-இல் தில்லட், பிரான்சிசு என்னும் இருவர் நியுமோனியா நோயாளரின் குருதியிற் சி-எதிர்வினைப் புரதத்தைக் கண்டனர். (வேதாரணியத்தில் இராசாசி உப்பு அள்ளியதும் அவ்வாண்டே.) கல்லீரல் சுரக்கும் இப்புரதம் அழற்சியின்போது மிகும். குருதிக்குழாய்த் தடிப்பில் அழற்சிக்குப் பங்குண்டு என்று செர்மானிய அறிஞர் விர்ச்சோ 19-ஆம் நூற்றாண்டிலேயே கூறினார். கொழுப்பைக் குறைக்காது அழற்சியை மட்டும் தணித்த மருந்தொன்று மாரடைப்பைக் குறைத்ததை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியபின் அவர் கூற்று வலுப்பெற்றது.

இத்தகைய அழற்சிக்கு வயிற்றுக் கொழுப்பு, புகை, உறக்கக் குறை, உழைப்பின்மை ஆகியவற்றைக் காரணமாகக் கூறுவர். கொழுப்புத் திசுவே அழற்சிப் பொருளைச் சுரத்தலை 1993-இல் எலிகளிற் கண்டனர். மிகையுப்பு அழற்சி உயிரணுக்களைத் தூண்டுவதை, அவ்வாறே எலிகளில், 2013-இல் காட்டினர். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்க என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறை.

இவற்றை 'வாழ்க்கைமுறைக் காரணங்கள்' எனத் தொகுத்துக் கூறும் வழக்கு நமக்கு முழுதும் உடன்பாடு அன்று. விரும்பி மேற்கொண்ட பழக்கம் என்னும் குறிப்பு அத்தொடரில் உள்ளது. உப்பை வாரிக் குவிப்போர்க்கு உழைப்பிற் குறையில்லை. வெயிலை அவர் தேர்ந்துகொண்டதும் இல்லை. பிழைப்பும் வாழ்க்கைமுறையே என்று கொண்டாலன்றி அவர்தம் நோய் இத்தொடருள் அடங்காது. சென்னை ஸ்ரீ இராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளரை ஆராய்ந்து 2023-இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்தில் ஒன்பதின்மர் பாதுகாப்பான அளவினும் மிக்க வெப்பத்தில் உழைத்தனர். ஏறத்தாழ நூற்றுக்கு எழுவர்க்குச் சிறுநீரகச் செயல் குன்றியிருந்தது. நடு அமெரிக்கக் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடத்தும் இத்தகு சிறுநீரக நோய் காணப்பட்டுள்ளது. வெப்பத்தால் உடல்நீர் வற்ற, சிறுநீரகத் திசு மீள மீள ஊறுபட்டு அழற்சியுற்று, ஈற்றில் வடுவாகின்றது என ஆய்வாளர் கருதுகின்றனர்.