வந்த ஊர் சொந்த ஊராதல்: வள்ளியூர் வட்டாரத்தில் இரு வரலாறுகள்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருவழியில் அமைந்தது வள்ளியூர். குன்றைக் குடைந்த குகையில் முருகன் எழுந்தருளியிருக்கும் இவ்வூரைப் பாண்டியரின் கோட்டை நகராகவே நாட்டுப்புற மக்கள் நினைவுகூர்வர். வள்ளியூர்க் குலசேகர பாண்டியன்மீது காதல் கொண்ட கன்னட அரசன் மகளின் துயரம் ஐவர் ராசாக்கள் கதையில் பாடப்படுகிறது. அயலாரோடு கொண்ட உறவும் பகையும் இவ்வட்டாரத்தின் கதைப்பாடலிலேயே கலந்துவிட்டன எனலாம்.

வள்ளியூரிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த இடையன்குடி. வடமேற்கே மலையடிவாரம் நோக்கிச் சென்றால் டோனாவூர். இவ்விரண்டு ஊர்களுக்கும் அறுபது ஆண்டு இடைவெளியில் இருவர் வந்து குடியேறினர். இருவரும் அயர்லாந்தில் பிறந்தவர்கள். இருவரும் சமயப் பணிக்கென வந்தவர்கள். இருவரின் கல்லறையும் இவ்வட்டாரத்திலேயே உள்ளது. அவர்தம் சமயப் பணியைப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வழக்கம் அறியாத ஊரில் வாழ வந்தவர்கள் அவ்வூரை எவ்வாறு அறிந்தனர், எங்கே பிழைபட அறிந்தனர் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

கால்டுவெல் என்றதும் தமிழறிந்தார் நெஞ்சில் தோன்றுவது 1856ஆம் ஆண்டில் வெளிவந்த ஒப்பிலக்கணம். அந்நூலின் பெருமையை இம்மலரைப் படிப்போர்க்கு விரித்துரைத்தல் வேண்டா. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், 1841ஆம் ஆண்டின் இறுதியில், இடையன்குடிக்குள் அடியெடுத்து வைத்த இருபத்தேழு வயது இளைஞரைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. 1838இல் சென்னைக்கு வந்து அங்கே தமிழ் பயின்ற அவர், தெற்கே செல்லும் பணி கிடைத்ததும் நடந்தே புறப்பட்டார். வெள்ளையர் பல்லக்கிலும் குதிரையிலும் சென்ற காலம் அது. சோழ நாட்டைக் கடந்து, நீலகிரியேறி இறங்கி, மதுரை வழியே நெல்லைச் சீமை அடையும் வரை மக்களோடு பேசிப் பழகி அவர்தம் நடையையும் எண்ணத்தையும் அறிவதே அந்நடையின் நோக்கமாக இருந்தது. புதிய நாட்டை அறிய இதனினும் நல்ல வழி இருந்திருக்க இயலாது.

ஆயினும் வழிப்போக்கனாக ஊரை அறிவது வேறு. குடியிருந்து அறிவது வேறு. இடையன்குடியின் நாள்முறையைப் பனையே வகுத்தது. பருவ காலத்தில் பனையேறி விடியுமுன் எழுவான். இடுப்பில் பாளை அரிவாளைச் செருகிக்கொண்டு, காலில் தளைநாரிட்டு, ஒரே நாளில் ஒவ்வொரு மரத்தையும் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் ஏறி இறங்குவான். இறக்கிய பதநீரை விடிலியில் காய்ச்சிக் கருப்பட்டியாக்கும் வேலை பெண்களுக்குரியது. அடுப்புத் தணியாமல் பார்ப்பதும் சுள்ளி பொறுக்குவதும் பிள்ளைகளின் பங்கு. இத்தகைய ஊரில் பள்ளிக்கு மணியடித்துப் பிள்ளைகளை அழைப்பதும், குறித்த வேளையில் வழிபாட்டுக்குக் கூட்டுவதும் எளிய செயலல்ல. பனைக்குத் தெரிந்தது ஒரே நாள்காட்டிதான். அதற்கு வந்தவர்தாம் இணங்க வேண்டும். அவ்வாறே ஊரும் வந்தவருக்குச் சிறிது இணங்கியது. மனம்போல் குடிசையிட்டு வாழ்ந்த மக்கள் அவர் வகுத்த நேரான தெருக்களில் வீடு கட்டிக்கொண்டனர். அம்மாற்றத்தை அவர்கள் எவ்வாறு உணர்ந்தனர் என்று கேட்டு எழுதிவைத்தார் எவருமிலர்.

1844ஆம் ஆண்டில் கால்டுவெல் எலைசா மால்ட்டை மணந்தார். நாகர்கோவிலில் பணிபுரிந்த சார்லசு மால்ட் இணையரின் மகளான அவ்வம்மையார் தமிழ் ஒலிக்கும் சூழலில் வளர்ந்தவர். கணவர் ஏட்டில் பயின்ற தமிழை அவர் முற்றத்தில் பயின்றிருந்தார். இடையன்குடிப் பெண்களுக்கு எழுத்தறிவித்தவரும், தம் தாயார் வழி நாகர்கோவிலில் கற்ற பின்னல் தையலைக் கற்பித்தவரும் அவரே. செந்தமிழ், கொடுந்தமிழ் என்னும் வேறுபாட்டைத் தம் இலக்கணத்தில் ஆராய்ந்த அறிஞருக்கு, அவ்விரண்டில் பின்னதைத் தம் வீட்டுக்குள்ளேயே நாள்தோறும் கேட்கும் வாய்ப்பு இருந்தது. வரலாறு எழுதுவோர் அம்மையாரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அது முறையன்று.

இத்துணை வாய்ப்பிருந்தும் கால்டுவெல் பெரும்பிழை ஒன்று செய்தார். 1849இல், தம்மைச் சூழ்ந்து வாழ்ந்த பனைத்தொழில் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் சிறுநூல் ஒன்று வெளியிட்டார். அம்மக்கள் இலங்கையிலிருந்து குடிபெயர்ந்து வந்தோர் என்றும், அவர்தம் வழிபாடு பேய் வணக்கம் என்றும், சமுதாய நிலையிலும் அறிவிலும் தாழ்ந்தோர் என்றும் அதில் எழுதினார். நேற்று வந்தவர் நெடுநாள் வாழ்ந்தாரை வந்தேறிகள் என்றது ஒரு விந்தை. கொடை விழாவில் வில்லுப்பாட்டு ஒலிக்க, சுடலைமாடனும் இசக்கியம்மனும் சாமியாடியின் மேல் இறங்கிக் குறி சொல்வதை அவர் கண்டார். ஆட்டத்தைக் கண்டவர் பாட்டில் இருந்த கதையைக் கருதவில்லை. அநியாயமாக இறந்தோர்க்கு ஊரார் செய்யும் நீதியும் நினைவுகூர்தலும் அக்கொடைகளில் உண்டென்பதைப் பிற்கால நாட்டார் வழக்காற்றியலாரே நமக்கு எடுத்துக்காட்டினர்.

பழிக்கப்பட்ட மக்கள் வாளாவிருக்கவில்லை. நாசரேத்துப் பகுதியைச் சேர்ந்த அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை 1857இல் மேலை நாட்டுக் குருமாரின் ஆட்சியை மறுத்துத் தனிச் சபை கண்டார். சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்ட அச்சபையின் தோற்றத்துக்குக் காரணங்கள் பல. அந்நூல் ஏற்படுத்திய புண் அவற்றுள் ஒன்று. பல பதிற்றாண்டுகள் கழிந்த பின்னும் அந்நூலை மறுத்து நூல்களும் விண்ணப்பங்களும் எழுந்தன. 1968இல் சென்னைக் கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை எழுப்பிய தமிழுலகம் ஒப்பிலக்கண ஆசிரியரை மட்டுமே கண்டது. தேரிக்காட்டு மக்களின் நினைவிலோ இரு கால்டுவெல்கள் உளர்.

எட்டாண்டுப் பழக்கத்தில் எழுந்த நூல் அது. 1881இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை எழுதியவர் நாற்பதாண்டு அம்மண்ணில் வாழ்ந்து, கொற்கையை அகழ்ந்து பார்த்து, ஊர்ப்பெயர்களைத் துருவியவர். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு, தீர்ப்புரைக்கும் நடை தளர்ந்து வினவியறியும் நடை வளர்ந்திருப்பது புலனாகும். இடையன்குடிக் கோயிலைக் கட்டி முடிக்கவே 1847 முதல் 1880 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. பணமின்மையும் பஞ்சமும் குறுக்கிட்டிருக்கும். அவசரம் அந்த மண்ணுக்கு ஒவ்வாதது என்று ஊரார் சொல்லியும் இருப்பர். 1891ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் கொடைக்கானலில் மறைந்த அவரது உடல் மலையிறங்கி இடையன்குடிக்கே கொண்டுவரப்பெற்று, அக்கோயிலினுள் அடக்கம் செய்யப்பட்டது.

டோனாவூரின் பெயரே குடியேற்றத்தின் சுவடு. பாளையங்கோட்டையில் தமிழ் வளர்த்த இரேனியசு, பொருளுதவி செய்த டோனா என்னும் செர்மானியப் பிரபுவின் பெயரை அவ்வூருக்கு இட்டார். தமிழ் நாவு அதனோடு 'ஊர்' சேர்த்துத் தனதாக்கிக்கொண்டது.

அங்கு 1901இல் வந்து நிலைத்தவர் ஏமி கார்மைக்கேல். ஊர் வழக்கம் பற்றிய முதற்பாடத்தை அவர் பயின்ற இடம் சப்பான். 1893இல் அங்குச் சென்றபோது, நோயுற்ற மூதாட்டி ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருக்க, அம்மூதாட்டியின் கண் இவருடைய கையுறைமீதே சென்றதாம். சொல்ல வந்தது செவியேறவில்லை. அன்றே அவர் சப்பானிய உடைக்கு மாறினார். நெல்லைச் சீமையில் சேலை உடுத்தி, மாட்டு வண்டியில் தமிழ்ப் பெண்களோடு ஊர் ஊராகச் சென்றார். கால்டுவெல் நாவால் நெருங்கினார் என்றால் இவர் உடையாலும் நெருங்கினார் எனலாம்.

எனினும் சேலை எல்லாவற்றையும் தந்துவிடவில்லை. 1896இல் இப்பகுதிக்கு வந்தவர் 1903இல் வெளியிட்ட நூல் இங்குள்ள வாழ்வை இருளாகவே தீட்டியது. கால்டுவெல்லுக்கு எட்டாண்டு, இவருக்கு ஏழாண்டு. கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண் குழந்தைகளுக்கு அவர் அளித்த அடைக்கலம் பல உயிர்களைக் காத்தது. அதன் பொருட்டே உறவினரின் சினத்தையும் வழக்குகளையும் அவர் எதிர்கொண்டார். பிள்ளையைப் பிரிந்த வீட்டாரின் நெஞ்சம் அவர் நூல்களில் நேர்மையான இடம் பெற்றதா என்பது இன்னும் ஆராயத்தக்கது.

அவர் இல்லத்தில் மூத்த தமிழ்ப் பெண்கள் 'அக்காள்' எனப்பட்டனர். கடல் கடந்து வந்த பெண்கள் 'சித்தி' ஆயினர். வெள்ளை ஆடவர் 'அண்ணாச்சி' ஆயினர். நெல்லைத் தெருவில் எவரையும் உறவாக்கிவிடும் அவ்விளியை அவர்கள் கொண்டுவரவில்லை. அது முன்பே இங்கிருந்தது. பிள்ளைகள் வாய்வழி அவர்களுக்குக் கிடைத்தது.

ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் தாய்நாடு திரும்பாத ஏமி 1951ஆம் ஆண்டு சனவரி 18ஆம் நாள் டோனாவூரில் மறைந்தார். தம் கல்லறைமீது கல் எதுவும் நாட்டலாகாது என்று அவர் கூறியிருந்தார். பிள்ளைகள் பறவைகள் நீர் அருந்தக் கல்தொட்டி ஒன்றை அங்கு வைத்தனர். அதில் 'அம்மை' என்று மட்டும் பொறித்தனர்.