ஸ்தோத்திரம்

ஸ்தோத்திரம் (பெயர்ச்சொல்): புகழுரை, துதி, தமிழ்க் கிறிஸ்தவர் வழக்கில் நன்றி. பேச்சில் 'தோத்திரம்' என்றும் வரும்.

புகழ்தல் என்று பொருள்படும் 'ஸ்து' என்னும் வடமொழி வேரிலிருந்து பிறந்த சொல் இது. சைவரும் வைணவரும் இறைவனைப் புகழும் பாடலை இப்படி அழைப்பர். தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் அதே சொல் நன்றிக்கும் பெயராயிற்று. 1 தெசலோனிக்கேயர் 5:18இல் 'நன்றி செலுத்துங்கள்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லுக்கு விவிலியத்தின் பழைய தமிழ்த் திருப்புதல் இந்தச் சொல்லையே இட்டது; 1995இல் வந்த 'திருவிவிலியம்' என்னும் மொழிபெயர்ப்பு 'நன்றி' என்றே சொல்கிறது.

'ஸ்தோத்திர பலி' இன்னும் சுவையானது. லேவியராகமம் 7:12இல் அந்தப் பலியோடு படைக்கச் சொல்லியிருப்பவை எண்ணெயும் மாவும் சேர்ந்த பலகாரங்கள். பழைய திருப்புதல் அவற்றை அதிரசம், அடை என்றே தமிழாக்கியது. நன்றிப் படையலில் சமையற்கட்டின் பண்டமும் இருந்திருக்கிறது!

இன்றைய சமையற்கட்டிலும் இச்சொல் கிறிஸ்தவ இல்லத்தரசியின் நாவில் இத்தனை இயல்பாக வருகிறது. அடுப்பைப் பற்றவைக்கும்போது, பிள்ளையின் காய்ச்சல் தணியும்போது, மாதக் கடைசியிலும் அரிசிப் பானை காலியாகாதபோது அவள் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்கிறாள். முழு ஜெபத்துக்கு நேரமில்லாத நாளிலும் இந்த ஒரு சொல்லுக்கு இடமுண்டு. தினமும் சொல்லச் சொல்ல, பெற்றதைக் கவனிக்கும் பழக்கம் மனத்தில் வேரூன்றும்.