எண்ணெய் தடவிய பருப்பு

கேட்டோவை எனக்குப் பிடிக்காது. கிழட்டு மாட்டையும் பழைய வண்டியையும் விற்றுவிடு என்று சொல்லும் அதே மூச்சில், வயதான அடிமையையும் நோயாளி அடிமையையும் விற்றுவிடு என்று எழுதிய மனிதர். ஆனாலும் பொ.மு. 160 வாக்கில் அவர் எழுதிய ‘தே அக்ரி குல்தூரா’வை அவ்வப்போது புரட்டுவேன். முழுமையாகக் கிடைத்துள்ள லத்தீன் உரைநடை நூல்களில் அதுவே மிகப் பழையது. நூல் என்பதைவிட ஒரு பண்ணையாரின் குறிப்பேடு என்பதே பொருத்தம்.

அதன் 116வது குறிப்பு, நாம் மைசூர்ப் பருப்பு என்கிறோமே, அந்தப் பயறு கெடாமல் இருப்பதற்கானது. லாசர்பிசியம் என்ற செடிப் பிசினைக் காடியில் கரைத்துப் பயறோடு பிசறி வெயிலில் வை. பிறகு எண்ணெய் தடவித் தேய்த்துக் காயவிடு. அவ்வளவுதான், காரணம் கிடையாது. (அந்தப் பிசின் பெருங்காயத்துக்கு உறவு என்கிறார்கள்.) 92வது குறிப்பு களஞ்சியத்துக்கு. ஆலிவ் பிழியும்போது வடியும் கசப்பு நீரில் மண்ணையும் கொஞ்சம் பதரையும் குழைத்து உள்ளே முழுக்கப் பூசு. காய்ந்ததும் ஆறிய தானியத்தைக் கொட்டு. வண்டும் எலியும் அண்டாது.

ஆறிய தானியம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் ஆலிவ் இல்லை, விளக்கெண்ணெய்தான். “நல்லா வெயில்ல காயவெச்சு, சூடு ஆறுனப்புறம் எண்ணெயத் தொட்டுப் பெசறணும்” என்பார் அப்பத்தா. உடனே ரோமாபுரிக் கப்பலில் வந்த வித்தை என்று யாரும் கிளம்ப வேண்டாம். வண்டு எங்கும் வண்டுதான். அது கேட்கும் விடையும் ஒன்றுதான்.

பயறு வண்டு முட்டையைப் பயறின் தோல்மேல் பசைபோல ஒட்டி வைக்கும். புழு முட்டையின் அடிப்பக்கமாகவே தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வளர்ந்து வண்டாகி வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும்வரை நம் கண்ணில் படாது. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு முட்டையை மூச்சுத்திணற வைக்கிறது. ஆனால் ஏற்கெனவே உள்ளே போய்விட்ட புழுவை எண்ணெய் ஒன்றும் செய்யாது. அதற்குத்தான் முதலில் வெயில். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்து ஈரமாகும், அதனால் ஆறவிடுவது. ஆக, எண்ணெய் மட்டும் மருந்தல்ல, வரிசைதான் மருந்து. எண்ணெய் கூடினால் முளைப்புத்திறன் கெடலாம். எங்கள் வீட்டில் விதைத் துவரைக்குச் செம்மண்தான் கட்டுவார்கள், எண்ணெய் கிடையாது.

1978இல் நைஜீரியாவின் இபாதானில் இயங்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவன ஆய்வாளர்கள், கிலோ தட்டைப்பயறுக்கு 5 மி.லி. கடலை எண்ணெய் போதும் என்று அளந்து எழுதினார்கள். அப்பத்தாவின் அளவு உள்ளங்கை.

கேட்டோவும் தன் கையால் பயறைத் தேய்த்திருக்க மாட்டார். 143வது குறிப்பில் ‘விலிகா’ வருகிறாள். பண்ணைக் கண்காணியின் துணைவி, பெரும்பாலும் அவளும் அடிமைதான். உலர்ந்த பேரிக்காய், அத்தி, திராட்சை என்று அவள் வருஷா வருஷம் சேமித்து வைக்க வேண்டியதெல்லாம் அங்கே பட்டியலாக இருக்கிறது. எஜமான் சொல்லாமல் அவள் சாமி கும்பிடவும் கூடாதாம். பருப்புக் குறிப்பை அவளைப் போன்ற ஒருத்தியைப் பார்த்தோ கேட்டோதான் அவர் எழுதியிருப்பார் என்பது என் ஊகம். அவள் பெயரை எழுத அவருக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் ஒருநாள் வயதாகியிருக்கும்.

இன்று முழுத்துவரையை வீட்டில் அடைப்பவர்கள் குறைவு. ஆலையில் உடைத்த பருப்பே வருகிறது. தோல் நீங்கிய உடைபருப்பைப் பயறு வண்டும் அவ்வளவாக விரும்பாது. ஆனாலும் அமெரிக்காவின் இந்தியக் கடைகளில் ‘ஆய்லி தூர் தால்’ என்றே தனிப் பாக்கெட் விற்கிறது. விளக்கெண்ணெய் தடவியதுதான். வாங்கிப் போகிறவர்கள் வெந்நீரில் இரண்டு தடவை கழுவி அந்த எண்ணெயைப் போக்கிவிட்டு உலையில் போடுகிறார்கள்.