போக்குவரத்துக் கொள்கை ஒருங்கிணைப்பு: இலங்கையும் அம்பாறைக் கரையோரமும்

வீதி, பஸ், ரயில், துறைமுகம் ஆகியவற்றின் மீதான அதிகாரம் மத்திக்கும் மாகாணங்களுக்கும் பிரிந்து கிடக்கும் நாடுகளில், இரு தரப்பு அமைச்சர்களும் ஒரு மன்றமாகக் கூடிப் பொதுக் கொள்கையை வகுப்பதுண்டு. அவுஸ்திரேலியாவில் கூட்டாட்சி அமைச்சரும் மாநில, ஆள்புல அமைச்சர்களும் கூடும் மன்றத்தில் நியூசிலாந்தும் அமர்கிறது. இந்தியாவில் மாநிலப் போக்குவரத்து அமைச்சர்கள் போக்குவரத்து வளர்ச்சிக் குழுவில் சந்திக்கிறார்கள். இலங்கையின் அரசியலமைப்பு அதிகாரத்தைப் பிரித்தது. ஆனால் பிரிந்தவர்கள் கூடிப் பேசுவதற்கு இத்தகைய அமைச்சர் மன்றம் ஒன்றை ஏற்படுத்தவில்லை. அந்தக் குறையின் விளைவை மாகாணத்தின் ஓரத்தில் இருக்கும் ஊர்கள்தான் அதிகம் உணர்கின்றன. கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையான அம்பாறைக் கரையோரம் அவற்றுள் ஒன்று.

இந்த அதிகாரப் பிரிப்புக்கு அடிப்படை 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம். மாகாணத்துக்குள் ஓடும் பயணிகள் பஸ் சேவையும், தேசிய நெடுஞ்சாலைகள் தவிர்ந்த வீதிகளும் மாகாண சபை நிரலில் உள்ளன. ரயில், துறைமுகம், விமானப் போக்குவரத்து, தேசிய நெடுஞ்சாலை ஆகியன மத்தியிடம். ஆனால் மத்திக்குரியவற்றைப் பட்டியலிடும் ஒதுக்கிய நிரல், எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை வகுக்கும் உரிமையையும் மத்திக்கே கொடுக்கிறது. ஆகவே மாகாணம் பஸ்ஸை ஓட்டலாம். எந்தக் கொள்கைப்படி என்பதைக் கொழும்பு தீர்மானிக்கும். மாகாண அமைச்சர் வாரியத்தில் முதலமைச்சருக்கு மேலதிகமாக நால்வருக்கே இடம் என்பதால், போக்குவரத்து எப்போதும் வேறு பல துறைகளோடு சேர்ந்தே ஒருவர் கைக்குப் போகிறது.

இது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதற்குக் கல்முனைப் பட்டினத்தை ஊடறுத்துச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலையே சாட்சி. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு இறங்கி, அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று கடலோரமாக மட்டக்களப்பை அடையும் வீதி அது. தார் போடுவது மத்தியின் வீதி அபிவிருத்தி அதிகார சபை. அதிலிருந்து பிரியும் குறுக்கு வீதிகளும் வடிகால்களும் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஓடும் தனியார் பஸ்ஸுக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது கிழக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை. அதே தரிப்பில் நின்று கொழும்புக்கு ஆள் ஏற்றும் இரவு பஸ்ஸுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். கல்முனைச் சாலையிலிருந்து புறப்படும் சிவப்பு பஸ்ஸோ, இலங்கை போக்குவரத்துச் சபை வழியாக மத்திய அமைச்சின் கீழ் வருகிறது. சிவப்பு பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவதை ஓட்டுநர்களின் குணக்கேடு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இருவருக்கும் நேரம் குறித்துக் கொடுக்கும் பொறுப்பு ஒரே கையில் இல்லை.

மாகாண எல்லை இன்னும் கடினமானது. பொத்துவிலுக்கு மொனராகலை பக்கத்து நகரம்தான். ஆனால் அது ஊவா மாகாணம். ஆதலால் அங்கு ஓடும் பஸ்ஸும் மாகாணங்களுக்கு இடையிலான சேவையாகி, அதன் அனுமதி கொழும்புக்குப் போகிறது.

ஒருங்கிணைப்பு முழுவதும் இல்லை என்பதல்ல. அது அமைச்சரவை வழியாகவும் ஆணைக்குழு வழியாகவும் மேலிருந்து கீழாக நடக்கிறது. 1958 ஜனவரி 1இல் பஸ் கம்பனிகள் தேசியமயமாகி இலங்கை போக்குவரத்துச் சபை உருவானபோது கேள்விக்கே இடமிருக்கவில்லை: ஒரு சபை, ஓர் அமைச்சர். 1979 அளவில் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவை அமைத்தது. பஸ் பயணம் பற்றிய கொள்கையில் அரசுக்கு ஆலோசனை சொல்வதும், மாகாணங்களுக்கு இடையிலான அனுமதி வழங்குவதும் அதன் பணி. துண்டுபட்டுப் போன அரச பஸ் சேவை 2005இல் மறுபடியும் ஒரே சபையானது. கட்டண மாற்றத்தை ஆணைக்குழு கணக்கிட, அமைச்சரவை அங்கீகரிக்கிறது. இந்த ஓட்டத்தில் மாகாண அமைச்சருக்குக் கருத்துச் சொல்ல முடியும். வாக்களிக்கும் இடம் அவருக்குக் கிடையாது.

கிழக்கில் அந்த அமைச்சரே பெரும்பாலும் இருந்ததில்லை என்பது இன்னும் பெரிய குறை. 1988இல் தெரிவான வடக்கு கிழக்கு மாகாண சபை 1990இல் கலைந்தது. வடக்கு கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின், தனிக் கிழக்குச் சபைக்கு 2008இலும் 2012இலும் தேர்தல் நடந்தது. 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது. அதன்பின் ஆளுநர் நிர்வாகம். 1988 முதல் எண்ணினால் தெரிவான மாகாண அமைச்சர்கள் இருந்தது ஏறத்தாழ 11 ஆண்டுகள்தான். நாளை ஓர் அமைச்சர் மன்றம் கூடினாலும் கல்முனைக்காகப் பேச அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

மத்தியில் மட்டும் அமைச்சர் இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு இதே கரையோரத்திலுள்ள ஒலுவில் விடை சொல்கிறது. சம்மாந்துறையில் பிறந்த எம்.எச்.எம். அஷ்ரப் 1994இல் கப்பற்றுறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரானார். அவர் கனவு கண்ட ஒலுவில் துறைமுகம், 2000 செப்டெம்பர் 16இல் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்து பல ஆண்டுகளின் பின், டென்மார்க் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்டது. வாயிலை மணல் மூடியது. வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரித்து, தென்னந்தோட்டங்களையும் தோணி இழுக்கும் இடங்களையும் கடல் கொண்டுபோனது. துறைமுகம் ஓர் அமைச்சிடம், மீன்பிடி இன்னொன்றிடம், கரையோரப் பாதுகாப்பு வேறொரு திணைக்களத்திடம். மணலை அகற்றவா, கல்லணை போடவா என்ற விவாதம் ஒவ்வொரு கந்தோராக அலைந்தது. அதன் செலவை மீனவரும் காணிக்காரரும் சுமந்தார்கள்.

மத்தியின் கையிலுள்ள இன்னொரு துறையான ரயிலின் பாதையும் இன்றும் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அதைக் கல்முனை வழியாகப் பொத்துவில் வரை நீட்ட வேண்டும் என்பது இப்பகுதியின் நீண்டகாலக் கோரிக்கை.

அதிகாரம் இப்படிப் பிரிந்திருக்கும்வரை, புதிய தடம், கூடுதல் பஸ், நேர மாற்றம் கேட்டு மனு எழுதும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். தனியார் பஸ்ஸின் தடம் மாகாண எல்லைக்குள் முடிந்தால் மனு மாகாண அதிகார சபைக்கு. எல்லை தாண்டினால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவுக்கு. சிவப்பு பஸ் என்றால் இலங்கை போக்குவரத்துச் சபைக்கு. மூன்றிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.