எக்காளமும் சுருதியும்



புதுடில்லியில் வாழும் தமிழர் பலர், ஆண்டுதோறும் ஜனவரி 29ஆம் நாள் மாலை விஜய் சௌக்கில் நடைபெறும் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியைக் கண்டிருப்பர். அந்தி மயங்கும் வேளையில் பியூகிள் என்னும் ஊதுகொம்புகள் ஒருமித்து ஒலிப்பதைக் கேட்குந்தோறும் என் நினைவு, கோவைக்கு வடமேற்கே தமிழகமும் கேரளமும் சந்திக்கும் ஆனைகட்டிக்குச் சென்றுவிடுகிறது.

அவ்வூரை அடுத்த பள்ளி ஒன்றில் நான் பயின்ற நாளில், சுதந்திர தின அணிவகுப்புக்கெனப் பழைய பியூகிள்கள் நான்கு வாங்கப்பெற்றன. மூன்று முதலில் வந்தன. பிந்தி வந்த நான்காவதைப் பெற்ற மாணவன், மலையோரத்திலுள்ள தன் ஊரில் தனியே பயின்றான். நால்வரும் சேர்ந்து ஊதிய அன்றுதான் அக்கருவியின் சுருதி வேறு என்பது வெளிப்பட்டது. ஆசிரியர் வேறு வழி காணாது அதனை விலக்கினார். குழலும் பறையும் தவிலும் முழங்கும் இருளர் குடியில் பிறந்த அம்மாணவன், விழாவன்று நன்கு துலக்கிய கருவியைக் கையிலேந்தி, ஊதாமலே நடந்தான்.

அவன் பிழை செய்தானல்லன், கருவியும் பழுதுடையதன்று. பின் குறை யாது? இதனை அறிய, குழாயின் இயல்பை அறிதல் வேண்டும். குழாய் நீண்டால் சுருதி தாழும், குறுகினால் உயரும். நம் நாகஸ்வரத்தில் குட்டையான திமிரி உயர்ந்த சுருதியிலும், நீண்ட பாரி தாழ்ந்த சுருதியிலும் ஒலிப்பதும், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பாரியை நிலைபெறச் செய்ததும் பலர் அறிந்தவையே. ஆறரைக் கட்டைச் சுருதியுடைய டிரம்பெட்டின் குழாயை நிமிர்த்தி அளந்தால் ஏறக்குறைய 148 சென்டிமீட்டர் இருக்கும். அதே கணக்கில் ஐந்து கட்டைக்கு 176 சென்டிமீட்டர் வேண்டும்.

நாகஸ்வரத்தில் விரலால் துளைகளை மூடித் திறந்து சுரங்களைப் பெறுகிறோம். பியூகிளுக்குத் துளையில்லை. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் பெறக்கூடியவை பெரும்பாலும் ஐந்தே ஒலிகள்: சட்ஜமம், பஞ்சமம், மேல் சட்ஜமம், அந்தர காந்தாரம், மீண்டும் பஞ்சமம். ஆதலின் பியூகிளுக்கு அதன் நீளமே விதியாகிறது.

இவ்விதியை வெவ்வேறு மக்கள் வெவ்வேறு வகையில் எதிர்கொண்டனர். மலைபடுகடாம் கூத்தரின் கருவிகளைக் கூறுமிடத்து, களிற்றின் துதிக்கையோடு ஒப்புமை பெறும் தூம்பினையும் குறிக்கின்றது. ஆனைகட்டிக்கு மேற்கே பாலக்காட்டுச் சீமையில் இன்றும் பஞ்சவாத்தியத்தில் வளைந்த கொம்புகள் வரிசையாக முழங்குகின்றன. 1930களில் அவ்விசைக்கு இன்றைய வடிவம் தந்தோருள் ஒருவர், திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமி என்னும் மத்தள விற்பன்னர். அங்கே திமிலை, மத்தளம், இடக்கை, இலத்தாளம் ஆகியவற்றோடு கொம்பும் தாளத்தையே பேசுகிறது. இராகத்தை அதனிடம் எவரும் கேட்பதில்லை. இது ஒரு வழி.

ஐரோப்பியர் கண்டது மற்றொரு வழி. 1818இல் ஸ்டோல்ட்ஸல், ப்ளூமெல் என்னும் ஜெர்மானியர் இருவர், பித்தளைக் கருவியில் வால்வு பொருத்தும் முறைக்கு பிரஷ்யாவில் காப்புரிமை பெற்றனர். வால்வை அழுத்தினால் காற்று கூடுதலான குழாய் வழியே சுற்றிவரும், நீளம் மாறும், எல்லாச் சுரங்களும் கைவசமாகும். 1840களில் அடால்ஃப் சாக்ஸ் என்பவர் பாரிஸில், இரண்டரைக் கட்டையும் ஆறரைக் கட்டையும் மாறி மாறி வருமாறு சிறிதும் பெரிதுமான கொம்புகளை ஒரே குடும்பமாக வகுத்தார். ஒன்றைப் பயின்றவன் அதே விரலடவால் மற்றொன்றையும் ஊதலாம். சுருதி வேற்றுமையைக் கணக்கிட்டு இசைக்குறியீட்டை எழுதிக்கொடுத்துவிடுவர்.

அமெரிக்காவில் முதல் உலகப் போருக்குப் பின், முன்னாள் படைவீரர் சங்கங்கள் முரசும் பியூகிளும் மட்டுமே கொண்ட அணிகளை அமைத்தன. அவர்களுடைய பியூகிள் ஐந்து கட்டை. முதலில் ஒரு வால்வு சேர்ந்தது. 1977இல் இரண்டும் 1990இல் மூன்றும் அனுமதிக்கப்பெற்றன. எனினும் சுருதி மட்டும் மாறவில்லை. 2000ஆம் ஆண்டிலேதான், அவ்வணிகளின் தலைமைப் போட்டிகளில் எச்சுருதிப் பித்தளைக் கருவியையும் ஊதலாம் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. இன்று அங்கே டிரம்பெட்டும் டியூபாவும் பெரும்பாலும் ஆறரைக் கட்டை. இடைக்குரலுக்குரிய மெல்லபோன் நான்கு கட்டை. பிற இசைக்குழுக்களிலும் பயன்படும் கருவிகளாதலின் எளிதில் கிடைக்கும்; விற்பதும் எளிது. ஐந்து கட்டைக் கொம்புகள் ஒரே குடும்பமாய்க் கூடி எழுப்பிய தனி முழக்கம் போயிற்றே என்று வருந்துவோரும் உளர். இரண்டும் நியாயமே.

ஆகவே, குழு அமைக்க விரும்புவோர் கருவியின் விலையை வினவுமுன் அதன் சுருதியை வினவ வேண்டும். வால்வில்லாப் பியூகிளாயின் யாவும் ஒரே சுருதியில் அமைவதே எளிது. வேறுபட்டனவாயின், அவற்றுக்குப் பொதுவான சுரம் எது என ஆராய்தல் வேண்டும்.

இவ்வாறு ஆராய்ந்தபோதுதான் ஓர் உண்மை எனக்குப் பல ஆண்டுகள் கழித்துப் புலப்பட்டது. எங்கள் பள்ளியின் மூன்று பியூகிள்கள் ஆறரைக் கட்டை. விலக்கப்பட்டது ஐந்து கட்டை. ஐந்து கட்டைக் கருவியின் மேல் பஞ்சமமும் ஆறரைக் கட்டைக் கருவியின் காந்தாரமும் ஏறக்குறைய ஒரே ஒலி. உதட்டைச் சற்றே திருத்தினால் முற்றிலும் ஒன்றாகிவிடும். அம்மாணவனுக்கு அந்த ஒரு சுரத்தையேனும் தந்து, உரிய இடத்தில் நிறுத்தி ஊதச் சொல்லியிருந்தால், மூவரின் ஒலியும் நிறைவெய்தியிருக்கும்.

எங்களுள் எவருக்கும் அது தெரியவில்லை. அவன் அன்று ஊதாமலே நடந்தான். விஜய் சௌக்கில் கொம்புகள் ஒலிக்கும்போது, அவ்வொலியினூடே அந்த ஒரு சுரத்தையே என் செவி இன்றும் தேடுகிறது.