மலைநாட்டுப் பிள்ளையும் கணக்குப் பாடமும்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறிச் செல்லும் நெடுஞ்சாலை புசல்லாவையைக் கடந்து இறம்பொடையை அடையும்போது, வழிச்செல்வோர் பலர் அருவியைக் காண்பதற்கென வண்டியை நிறுத்துவர். அருவியின் இரு மருங்கும் விரியும் தேயிலைச் சரிவுகளில், லயங்களுக்கு அருகே நிற்கும் சிறு பாடசாலைகளை நோக்குவோர் சிலரே. ஆயினும் இந்நாட்டுக் கல்வி வரலாற்றின் ஓர் அதிகாரம் இத்தகைய பாடசாலைகளிலேதான் எழுதப்பட்டிருக்கின்றது.

ஒரு பிள்ளை எத்தகைய கணக்கைக் கற்க வேண்டும்? எந்த வயதில் அதனை முடிவுசெய்வது? முடிவுசெய்பவர் யார்? இம்மூன்று வினாக்களையும் உலகின் பல நாடுகள் ஆராய்ந்திருக்கின்றன. நடுத்தர வகுப்புகளிலே பிள்ளைகளைத் தரம் பிரித்து, ஒரு சாராருக்கு அட்சரகணிதமும் கேத்திரகணிதமும், மற்றொரு சாராருக்கு வெறும் எண்கணிதமும் என வகுப்பது நன்றா, தீதா என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை. நம் மலைநாட்டில் இவ்வினாக்களுக்கு நெடுங்காலம் விடை கூறியது பரீட்சையும் அன்று. பிள்ளையின் ஆற்றலும் அன்று. பாடசாலை எந்த வகுப்போடு முடிந்தது என்பதே விடை கூறியது.

தோட்ட வாழ்க்கையில் கணக்கு எத்துணை முக்கியமானது என்பதை முதலில் நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பிப் பயிருக்கென்றும், பின்னர் தேயிலைக்கென்றும் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் இம்மலைகளுக்கு அழைத்து வரப்பட்டனர். அவர்கள் விட்டுவந்த ஊர்களில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. அங்கே பிள்ளைகள் மணலில் எழுதியும், எண்சுவடியை மனனஞ் செய்தும், மா, காணி, முந்திரி என்னும் நுண்ணிய பின்னங்களைக் கையாளக் கற்றனர். முந்திரி என்பது ஒன்றில் 320இல் ஒரு பங்கு. ஆனால் மலையேறி வந்தவர்களிற் பெரும்பாலோர், அத்திண்ணையில் அமரும் பேற்றைப் பெறாத ஏழை மக்களே.

மலைக்கு வந்தபின் அவர்களுடைய வாழ்வு முழுவதும் எண்களால் ஆளப்பட்டது. காலையிற் பிரட்டுக்களத்தில் பேர் பதியப்பட்டது. கொழுந்து றாத்தற் கணக்கில் நிறுக்கப்பட்டது. அரைப்பேர், முழுப்பேர் என நாள் பகுக்கப்பட்டது. அரிசிக்கும் முன்பணத்துக்கும் சம்பளத்திற் கழிவு செய்யப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பியவன் தன் கடன் தொகை குறிக்கப்பட்ட ‘துண்டு’ என்னும் சீட்டினைப் பெற்றே செல்ல வேண்டியிருந்தது. 1921இல் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. இவ்வெண்களை எழுதியவர் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையின் அலுவலகத்தாருமாவர். எழுதப்பட்டவரோ அவற்றை வாசித்தறிய இயலாதவர். ஆகவே தோட்டத்துப் பிள்ளை கணக்குக் கற்பது வெறும் பாடம் அன்று. தன் தாயின் கொழுந்து சரியாக நிறுக்கப்பட்டதா என்று கேட்கும் தகுதியைப் பெறுவதுமாகும்.

அரசாங்கம் இதிற் தலையிட்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம், தோட்டத் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதையும், அதற்குரிய இடத்தை ஒதுக்கிப் பேணுவதையும் தோட்ட அதிகாரியின் கடமையாக்கியது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இக்கடமையை மேலும் வலியுறுத்திற்று. சட்டம் நன்றே. ஆயினும் அதிற் பொதிந்திருந்த ஓர் எல்லையை நாம் கவனித்தல் வேண்டும். பத்து வயது என்பதே அவ்வெல்லை. பத்து வயதோடு தோட்ட அதிகாரியின் கடமை முடிந்தது. ஒரே ஆசிரியர், ஒரே அறை, ஐந்து வகுப்புகள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றோடு கல்வி நிறைவெய்தியது. அப்பாலுள்ள கணிதத்துக்கு அங்கே வாயிலே இல்லை. பிள்ளையைச் சோதித்து, நீ இவ்வழியிற் செல்க என்று எவரும் சொல்லவில்லை. சொல்லாமலே ஒரு தலைமுறை முழுவதும் ஒரே வழியில், கொழுந்துக் கூடையை நோக்கிய வழியில், இடப்பட்டது.

இக்காலத்திலே கல்வியைப் பற்றிப் பேசுவதற்கும் ஆட்கள் தோன்றினர். தொழிற்சங்க முன்னோடியாகிய கோ. நடேசய்யர் எழுத்தாலும் பேச்சாலும் தொழிலாளரின் விழிப்புக்காக உழைத்தார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். பூண்டுலோயாப் பகுதியிலுள்ள மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, 1947இலே தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்தார். லயத்து மக்களின் குரல் சட்டமியற்றும் மன்றத்தை எட்டத் தொடங்கிய காலம் அது.

அதே காலத்தில் நாடு முழுவதற்குமான பெருஞ் சீர்திருத்தம் ஒன்றும் உருவாயிற்று. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையில் அமைந்த விசேட குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் பயனாக 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. இந்நாடு என்றும் நன்றியோடு நினைவுகூரும் செயல் அது. அவ்வறிக்கை ஆரம்பக் கல்வியின் முடிவில், ஏறத்தாழப் பதினொரு வயதில், பிள்ளைகளைச் சோதித்து வெவ்வேறு வகைப் பாடசாலைகளுக்கு அனுப்பும் முறையையும் எண்ணியது. இங்கிலாந்திலும் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் பதினொரு வயதுப் பரீட்சை பெருவழக்காயிற்று. அப்பரீட்சையில் எண்கணிதம் ஒரு முக்கிய பகுதி. பதினொரு வயதிற் கணக்குப் பிழைத்த பிள்ளையின் வாழ்நாள் முழுவதையும் அது நிர்ணயிக்கின்றது என்ற முறைப்பாடு அங்கே பெற்றோரிடையே வளர்ந்தது. 1965இல் அந்நாட்டு அரசாங்கம், எல்லாப் பிள்ளைகளும் ஒருங்கே கற்கும் பொதுப் பாடசாலைகளை அமைக்கத் திட்டந் தருமாறு உள்ளூராட்சி மன்றங்களைக் கேட்டுக்கொண்டது. பெற்றோருக்கு வாக்கு இருந்தது; ஆகவே அவர்களது முறைப்பாட்டுக்குச் செவி கிடைத்தது.

மலைநாட்டிலோ நிலைமை மாறாக அமைந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டுமென 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழி வகுத்த போதிலும், அது பெரிதும் ஏட்டளவிலேயே நின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அடுத்து வந்த சட்டங்களும் தோட்ட மக்களிற் பெரும்பான்மையோரை வாக்கற்றவராக்கின. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1952இலோ ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளிலே உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சியோரைப் பின்னர் தீர்மானிக்க விட்டது. எந்நாட்டில் வாழப்போகிறோம் என்பதே தெரியாத ஒரு தந்தையிடம், உன் மகன் எவ்வகைக் கணிதம் படிக்க வேண்டும் என்று எவர் கேட்கப் போகின்றார்?

அந்த இருண்ட ஆண்டுகளிலும் நகர்ப்புறப் பாடசாலைகள் சில, விளக்கேற்றி வைத்தன. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி அவற்றுட் குறிப்பிடத்தக்கது. அங்கு ஆசிரியராகவும் பின்னர் அதிபராகவும் பணியாற்றிய இர. சிவலிங்கம் போன்றோர், லயத்துப் பிள்ளையும் உயர்கல்வி பெறலாம் என்னும் நம்பிக்கையை ஓர் இளந் தலைமுறையிடம் ஊட்டினர். ஆயினும் இறம்பொடை போன்ற இடத்திலிருந்து ஒரு சிறுமி ஐந்தாம் வகுப்புக்கு மேற் படிப்பதாயின், மலைப்பாதையில் இறங்கிப் பேருந்தைப் பிடித்துப் புசல்லாவைக்கோ நுவரெலியாவுக்கோ செல்ல வேண்டும். அல்லது உறவினர் வீட்டில் தங்க வேண்டும். வழிச்செலவு ஒருபுறம், அவள் சென்றால் வீட்டிலுள்ள குழந்தையைப் பார்ப்பவர் யார் என்ற கேள்வி மறுபுறம். கணிதத்தின் வழி அவளுக்கு மூடப்பட்டது பாதையிலேயாகும். பரீட்சை மண்டபத்தில் அன்று.

1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தனிச் சிறப்புடையது. ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என அது விதித்தது. கணிதமும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் அனைவருக்கும் உரியனவாயின. 1975இல் ஒன்பதாந் தர முடிவிற் புதிய தேசிய பரீட்சை நடைபெற்றது. பிள்ளையைப் பிரித்து வைக்கும் வயது பின்தள்ளப்பட்டது என்பதே இதன் உட்பொருள். அச்சீர்திருத்தம் தொழில் முன்னிலைப் பாடம் ஒன்றையும் புகுத்திற்று. பாடசாலை தன் சுற்றாடலிலுள்ள தொழில்களை ஆராய்ந்து, அவ்வூர்க் கைவினைஞரின் துணையோடு அவற்றைக் கற்பிக்க வேண்டும் என்பது நோக்கம். ஊராரின் அறிவுக்குப் பாடசாலையில் இடமளித்த அரிய முயற்சி அது.

ஆனால் நேயர்களே, இங்கே ஒரு முரண்பாட்டைக் காணலாம். கிராமத்துப் பாடசாலைக்குச் சுற்றாடல் என்றால் மட்பாண்டம், நெசவு, மீன்பிடி எனப் பல தொழில்கள் உண்டு. தோட்டத்துப் பாடசாலைக்குச் சுற்றாடல் என்றால் தேயிலை ஒன்றே. ஊரின் தொழிலைப் பிள்ளைக்குக் கற்பிப்பது என்னும் நற்கொள்கை, தோட்டத்திலே பிள்ளையை மீண்டும் கொழுந்து மலைக்கே அனுப்பும் கொள்கையாக மாறிவிடக் கூடும். ஊராரைக் கேட்க வேண்டும் என்பது உண்மை. ஊரின் இன்றைய தொழிலைக் கேட்பது வேறு. ஊர் தன் பிள்ளைகளுக்கு விரும்பும் நாளையைக் கேட்பது வேறு. முன்னதை மட்டும் கேட்டவர், பின்னதைக் கேட்டவராகார்.

தோட்டங்கள் 1975இல் அரசுடைமையானதன் பின்னர், 1977 முதலாகத் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. சுவீடன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் உதவி கிடைத்தது. கட்டடங்கள் எழுந்தன, தோட்டத்து இளைஞரும் யுவதியரும் ஆசிரியராயினர், பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றியது. 1907ஆம் ஆண்டின் பத்து வயது எல்லை ஒருவாறு தகர்ந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கலையும் தீர்த்தது.

எல்லை தகர்ந்ததா, இடம் பெயர்ந்ததா? இதுவே இன்று கேட்கத்தக்க வினா. இன்று பிள்ளைகள் சாதாரண தரம் வரை கணிதம் கற்கின்றனர். உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்கும் வசதி எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. பல்கலைக்கழக அனுமதியிலே நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. ஆயினும் பொறியியற் பீடத்தில் மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட இடம், கணிதப் பிரிவே இல்லாத பாடசாலையிற் படித்த பிள்ளைக்கு எவ்வாறு பயன்படும்? ஒரு காலத்தில் ஐந்தாம் வகுப்பில் நின்ற கோடு, இப்பொழுது பதினோராந் தரத்தின் முடிவில் நிற்கின்றது.

இக்கோட்டை மேலும் நகர்த்துவதற்கு ஊராரின் பங்கு இன்றியமையாதது. 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டுத் திட்டத்தின்படி, பெற்றோரும் பழைய மாணவரும் பங்குபெறும் அபிவிருத்திக் குழு பாடசாலைகளில் அமைகின்றது. எந்தப் பிள்ளை எந்தப் பிரிவிற் சேர்க்கப்படுகின்றது, எக்காரணத்தால், கணித ஆசிரியர் இல்லாத தவணைகள் எத்தனை என்பன அங்கே பேசப்பட வேண்டிய பொருள்கள். ஆனால் கூட்டம் வேலைநாட் காலையில் நடைபெறுமாயின், கொழுந்து பறிக்கும் தாய்க்கு அன்றைய பேர் போய்விடும். கருத்துக் கூறுவதற்காக ஒரு நாட் சம்பளத்தைக் கொடுக்கச் சொல்வது, கருத்தைக் கேளாமைக்கு ஒப்பாகும். மாலையிலோ, ஞாயிற்றுக்கிழமையிலோ, லயத்துக்கு அருகிலுள்ள கோயில் முன்றலிலோ அக்கூட்டம் கூடலாம். பரீட்சை, பிரிவு, புள்ளி என்பவற்றை அத்தாய்மாருக்கு விளங்கும் சொற்களில் ஆசிரியர் எடுத்துரைக்கலாம்.

அவர்களுக்கு விளங்காது என்று எண்ணுவோர், நிறுவைக் களத்துக்கு ஒருமுறை சென்று பார்க்கட்டும். தன் கூடையிலுள்ள கொழுந்து எத்தனை கிலோ என்பதைத் தூக்கியவுடன் மதித்து, ஈரத்துக்கென எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதையும் நினைவில் இருத்தி, மாத முடிவிற் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பெண்கள் அங்கே இருக்கின்றனர். தம் பிள்ளைகள் எந்தக் கணிதத்தை எவ்வளவு காலம் கற்க வேண்டும் என்பதைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் கருத்து உண்டு. 1907 முதல் இன்றுவரை வந்த சட்டங்களையும் அறிக்கைகளையும் எழுதியோர், அவர்களை நேரிற் கேட்டு எழுதியது அரிதினும் அரிது. அடுத்த சீர்திருத்தம் அங்கிருந்தே தொடங்கட்டும்.